என் முதல் வாடிக்கையாளர்

இனி என்னை யாரும் வேலை வாங்க முடியாது. இந்த முடிவை எடுத்த அன்று நான் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதாகவே நினைத்தேன். சட்டை மட்டும் பழைய அளவுதான்.

பெரிய கம்பெனி. கிடங்கில் எதை எங்கே வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் உத்தியோகம். நான் போய்விட்டால் கம்பெனியே படுத்துவிடும் என்று கெஞ்சுவார்கள் என நம்பி ராஜினாமாவை நீட்டினேன். மேலாளர் படித்தார். "நல்ல முடிவு" என்றார். அன்று மாலையே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அதனால் என்ன? நான் இப்போது தனி ஆலோசகன். படுக்கையறை ஓரத்தில் இஸ்திரி மேஜையைப் போட்டு ஆபீஸ் திறந்தேன். விசிட்டிங் கார்டு அடித்து, முதல் கார்டை மனைவியிடம் நீட்டினேன்.

"தலைமை ஆலோசகரா? மத்த ஆலோசகருங்க எல்லாம் எங்கங்க?"

"போகப் போகச் சேருவாங்க."

"அவங்களுக்கும் இதே மேஜைதானா? எனக்கு இஸ்திரி போடணும்."

தெருமுனை மரச்சாமான் கடை முதலாளி தன் குடோனைச் சீர்படுத்த ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கம்பெனியை விட்டு வந்தப்புறம் நீங்களா யாருக்காவது செஞ்சு கொடுத்திருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"நிறைய பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

"இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க? நம்ம வீட்டையே சீர்படுத்திக் கொடுங்க. உங்க முதல் வாடிக்கையாளர் நான்தான். கடைக்காரரை இங்கயே வந்து கேக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

எப்பேர்ப்பட்ட மனைவி! மறுநாள் காலையே சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆய்வைத் தொடங்கினேன். இரண்டு காலைகள் அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அறிக்கை வாசித்தேன்.

"அலமாரியில எதுவும் கைக்கு எட்டற இடத்துல இல்ல. அதைவிட முக்கியம், வேலைப் பங்கீடு சரியில்ல. ஓடிட்டே இருக்கறவங்ககிட்ட இருந்து எடுத்து, சும்மா இருக்கறவங்ககிட்ட கொடுக்கணும்."

"அருமையான யோசனைங்க! சும்மா இருக்கறது யாரு?"

"அதை இன்னும் ஆழமா ஆராயணும்."

"ரெண்டு நாளா இந்த நாற்காலியில யாரு உக்கார்ந்திருந்தது?"

ஆய்வு அத்துடன் முடிந்தது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீங்களே செஞ்சு காட்டுங்க. கடைக்காரர் வந்து கேட்டா நான் பொய் சொல்ல முடியுமா?"

நியாயம்தானே. அலமாரியைக் காலி செய்து புதிதாக அடுக்கினேன். பாத்திரம் கழுவினேன். துணி துவைத்தேன். மகளுக்குத் தலை பின்னினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, என் பின்னலைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மா தன் பெண்ணையும் அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வந்தார்.

"இவர் யோசனை சொன்னதுல இருந்து காலையில உக்கார்ந்து பேப்பர் படிக்கிறேண்ணே" என்றாள் மனைவி.

"யோசனை ஊர்ல எல்லாரும்தான் சொல்றாங்கம்மா. நடத்திக் காட்டினாரா?"

"உள்ள வந்து பாருங்க."

அவர் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். "என் குடோன் இதுல பாதி இருந்தாலே போதும் சார். நாளைக்கே வந்துடுங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தில் என்னைவிடப் பெருமை. உண்மையைச் சொன்னால், கம்பெனியில் இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆனா சார், இதெல்லாம் நிலைக்குமா?" என்று வாசலில் நின்று கேட்டார் அவர்.

"சந்தேகம் வந்தா எப்ப வேணா காலையில வந்து பாருங்கண்ணே. இப்படியேதான் நடந்துட்டிருக்கும்" என்றாள் மனைவி.

"அப்படின்னா அடிக்கடி வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தினேன். "அப்பாடா! நாளையிலேர்ந்து பழையபடி நீயே பாத்துக்கோ."

"ராஜினாமாவா?"

"அப்படித்தான் வெச்சுக்கோயேன்."

"அவர் திடீர்னு வந்து நின்னா நான் என்னங்க சொல்றது? ஆலோசகரோட யோசனை ஒரு வாரம்கூடத் தாங்கலைன்னா?"

அவள் பேப்பரைப் பிரித்துக்கொண்டாள்.

போகட்டும். கம்பெனி என்னை ஒரே மாலையில் விட்டுவிட்டது. நான் போய்விட்டால் படுத்துவிடும் நிர்வாகம் ஒன்று கடைசியில் கிடைத்தே விட்டது என்ற பெருமையோடு, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.