வேறொரு பிள்ளையின் வலது காது

பெற்ற பிள்ளையைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லாத தாய் உண்டா? நானும் சொன்னவள்தான். அதுவும் சும்மா சொல்லவில்லை, தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன். இப்போது அந்தப் பேச்சு எங்கே கிளம்பினாலும் எனக்கு அவசரமாக அடுப்படியில் வேலை வந்துவிடும்.

எங்களுக்குத் திருத்தங்கல். வீட்டுக்காரர் மினி லோடு வேன் ஓட்டுகிறார், அச்சாபீஸ்களுக்குப் பேப்பர் ஏற்றி இறக்குவது தொழில். நான் பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங். மகன்கள் இரண்டு. பெரியவன் ஹரிஷ், சின்னவன் கவின். (இரண்டு என்று சொல்வது ரேஷன் கார்டுக்காக. வீட்டுக்குள் இருக்கும்போது ஏழெட்டுப் பேர் மாதிரித்தான் இருக்கும்.) கூரை ஓட்டைப் பிரித்து இறங்குவது, ஆட்டுக்குட்டியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக் கூட்டிப் போவது, சைக்கிளில் கையை விட்டு ஓட்டி முன்பல் இரண்டையும் உடைத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னது கவின். இதெல்லாம் செய்துவிட்டு நான் விளக்குமாற்றை எடுத்தால், "நீ எங்கம்மாவே இல்ல, போ!" என்று கத்துவான். தினம் ஒரு தடவையாவது என் தாய்ப்பதவி பறிபோகும். நானும் பழகிவிட்டேன்.

கவின் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில், முதல் மொட்டையை நிதானமாக எடுக்கிறோம், முடி நன்றாக வளர்ந்த பிறகு உனக்கே தருகிறோம் என்று குலசாமியிடம் நேர்ந்துகொண்டோம். ஐந்து வயதுவரை அவன் தலையில் கத்தி படவில்லை. இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டினால் தெருவில் புதிதாக வருகிறவர்கள் "பாப்பா பேரென்ன?" என்பார்கள். அவன் டவுசரை இறக்கி விடை சொல்வான்.

தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியிருக்கிற நாட்களில்தான் எங்கள் பக்கம் எல்லா வீட்டு விசேஷமும் நடக்கும். சீசனில் லீவு கேட்டால் போர்மேன் முகம் போகிற போக்கைப் பார்க்கச் சகிக்காது. அதனால் ஆனைக்குட்டம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலில் அன்றைக்கு எங்களைத் தவிர இன்னும் எத்தனையோ குடும்பங்கள். எங்கே பார்த்தாலும் கெடா, எங்கே பார்த்தாலும் அடுப்புப் புகை, எங்கே பார்த்தாலும் மொட்டை. ஐப்பசி மழையில் அணை தளும்பிக் கிடந்தது.

இதில் நான் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. தீபாவளிக்கு விற்காமல் மிஞ்சின கிளிப்பச்சைச் சட்டையைச் சிவகாசி ஜவுளிக்கடையில் பாதி விலைக்குத் தந்தார்கள். எனக்கு மட்டும்தான் இந்த யோசனை வந்தது என்ற பூரிப்போடு வாங்கிக்கொண்டு வந்தேன். கோயிலில் வேனை விட்டு இறங்கிப் பார்த்தால், திரும்பின பக்கமெல்லாம் கிளிப்பச்சை. அந்தக் கடைக்காரர் சுற்றுவட்டாரத்துக்கே உடுத்திவிட்டிருக்கிறார்.

மொட்டை போடுகிறபோது கவின் போட்ட கூப்பாட்டில் தொண்டை கட்டிவிட்டது. முடி எடுத்து முடித்ததும் ஹரிஷிடம், "ஏலே, தம்பியக் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிப்பாட்டு, சந்தனத்தத் தடவி, சட்டய மாட்டி அங்கனயே உக்காத்தி வையி" என்று அனுப்பிவிட்டு நான் சீர்த்தட்டு அடுக்கப் போனேன். பெரியவன் சொன்ன வேலையை எல்லாம் ஒழுங்காகச் செய்தான். கூடவே ஆசாரி காது குத்துகிற ஊசி எம்புட்டு நீளம் என்று கையை விரித்துக் காட்டியும் வைத்திருக்கிறான்.

காதுகுத்து என்றால் எங்கள் பக்கம் தாய்மாமன் மடிதான் சிம்மாசனம். என் தம்பி மாரிமுத்து வடநாட்டுக்குப் பட்டாசு லோடு ஏற்றிப்போகிற லாரி டிரைவர். சீசன் முழுக்க ஊர்ப்பக்கம் வரவே இல்லை. மருமகன் காதுக்குத் தங்கத்தில் கம்மல் செய்து எடுத்துக்கொண்டு, முந்தின நாள்தான் வந்து இறங்கினான். மாலையைப் போட்டுக்கொண்டு சம்மணங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "நல்ல நேரம் போகுதும்மா. புள்ளயக் கொண்டாங்க. இன்னும் ரெண்டு மூணு எடத்துல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காக" என்று விரட்டினார்.

குழாயடிக்கு ஓடினேன். அங்கே சந்தனம் வழிய, கண்ணைக் கசக்கிக்கொண்டு, கிளிப்பச்சைச் சட்டையில், தொண்டை கட்டின குரலில் அழுதுகொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் வரல! எங்கம்மாட்டப் போணும்!"

"நான்தாம்லே ஒங்கம்மா!"

"நீங்க எங்கம்மா இல்ல!"

"வீட்டுலதான் அப்படிச் சொல்லுத, சாமி முன்னாடியுமாலே!" என்று முதுகில் ஒன்று வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். ('நீங்க' என்றானே, என் மகன் என்றைக்கு எனக்கு மரியாதை கொடுத்தான் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். சாமி முன்னால் புத்தி வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.)

தம்பி மடியில் உட்கார்த்தினேன். "என்னக்கா, ஒரு சீசனுக்குள்ள மூஞ்சியே மாறிப் போச்சு இவனுக்கு!" என்றான் மாரிமுத்து. "மொட்ட போட்டா அப்படித்தான் இருக்கும்" என்று நான் விளக்கம் வேறு கொடுத்தேன். பிள்ளை துள்ளுகிற துள்ளலில் கையைப் பிடிக்க ஒரு ஆள், காலைப் பிடிக்க ஒரு ஆள். வாயில் வாழைப்பழத்தைத் திணித்தார்கள். குலவை போட்டார்கள். ஊசியைப் பார்க்கிற தைரியம் எனக்கு எப்போதும் கிடையாது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரே அலறல். வலது காது முடிந்தது. தங்கக் கம்மல் ஏறிவிட்டது.

"எம்மா" என்று ஹரிஷ் என் முந்தானையைப் பிடித்தான். "இது தம்பி இல்ல."

"வாய மூடுலே."

"எம்மா, அவன் வாயப் பாரும்மா. பல்லு இருக்கு."

பார்த்தேன். வாழைப்பழத்தைத் துப்பிவிட்டு வாயை முழுசாகத் திறந்து அழுகிற பிள்ளைக்கு முன்வரிசையில் அத்தனை பல்லும் முத்து முத்தாக இருந்தது.

"ஏலே... நீ யாருலே?"

"தர்ஷன்" என்றான் விக்கிக்கொண்டே.

குலவை பாதியில் நின்றது. இடது காதுக்குக் குறி பார்த்த ஆசாரியின் ஊசி அந்தரத்தில் நின்றது. மாரிமுத்து மடியில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. இது தர்ஷன் என்றால், கவின் எங்கே?

கோயிலுக்கு மேற்கே அணைத் தண்ணீர் மின்னிக்கொண்டு கிடந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. குழாயடியில் இல்லை. அடுப்படியில் இல்லை. பந்திப் பாயில் இல்லை. கண்ணில் பட்ட மொட்டை ஒவ்வொன்றையும் தாடையைப் பிடித்துத் தூக்கி வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தேன். மாட்டுத் தரகர்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். இதைத்தான் இப்போது என் நாத்தனார் விசேஷ வீடுகளில் நடித்துக் காட்டுகிறாள். அன்றைக்கு "கவினு! ஏலே கவினு!" என்று கத்தினால் காற்றுதான் வருகிறது. ஐந்து வருஷம் சீவிச் சிங்காரித்த பிள்ளை, மொட்டை அடித்தால் எப்படி இருப்பான் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே, நான் எதைச் சொல்லித் தேடச் சொல்வேன்?

அப்போது தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு குரல். "இந்தா, இங்கன ஒரு சட்ட கெடக்கு!"

கரையில், தண்ணீருக்கு இரண்டு எட்டுத் தள்ளி, கிளிப்பச்சைச் சட்டை. உள்பக்கம் காலரில் நான் கோர்த்த திருஷ்டிக் கறுப்புக் கயிறு. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சமையல் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். சட்டையைப் பார்த்தார். கரண்டியை எறிந்துவிட்டுக் கட்டின வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். நீச்சல் தெரியாத மனுஷன் அவர். பின்னாலேயே மாரிமுத்து மாலையோடு குதித்தான். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று ஆட்கள் இறங்கி முங்கி முங்கிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தலையும் மேலே வரும்போது வெறுங்கையோடு வருகிறது. வெறுங்கையாக வரட்டும், வெறுங்கையாகவே வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கடவுளே, அந்த நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்காதே.

கரை முழுக்கக் கூட்டம். கூட்டத்துக்குள் புகுந்து வந்த ஏதோ ஒரு மொட்டைப் பொடியன், வெற்றுடம்போடு, என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"யாரு விழுந்துட்டா?" என்றான் கம்மின குரலில்.

"போப்பா, அங்கிட்டுப் போ. தண்ணிப் பக்கம் நிக்காத. ஒங்கம்மா தேடப் போறாக" என்று பார்க்காமலே கையைத் தட்டிவிட்டேன்.

மறுபடி இழுத்தான். "பசிக்குது."

"எம் புள்ளயக் காணோம்னு நான் கெடந்து துடிக்கேன், ஒனக்குப் பசியாலே!" என்று திரும்பி அவனை ஒரு தள்ளு தள்ளினேன். அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான். முகம் கோணியது. உதடு பிதுங்கியது. வாய் திறந்தது.

முன்பல் இரண்டையும் காணோம்.

"எம்மா, நான்தாம்மா" என்றான்.

முதலில் ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகுதான் கட்டிப்பிடித்தேன். அவன் அழ, நான் அழ, தண்ணீரிலிருந்து வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் என் வீட்டுக்காரர் ஓடிவர, எங்கள் மானம் மொத்தமும் அன்றைக்கு அந்தக் கரையில் காற்றாடப் போனது. ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரித்தால், ஊசிக்குப் பயந்து, கரையோரம் நிறுத்தியிருந்த எங்கள் வேனுக்குள்ளேயே தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்திருக்கிறான். அங்கிருந்து தர்ஷனுக்குக் குத்துவதை முழுசாகப் பார்த்திருக்கிறான். "பச்சச் சட்டக்காரனப் பிடிச்சுப் பிடிச்சுக் குத்துறாகம்மா. அதான் கழட்டி எறிஞ்சேன்" என்றான். சொன்னது நியாயம்தானே.

அதற்குள் அடுத்த பூகம்பம். தர்ஷனின் அம்மா செல்வி மகனைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே அவள் அண்ணன். ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். கதவு மாதிரி ஆள். தங்கையின் மகனுக்கு வலது காதில் ஊரார் கம்மல் தொங்குவதைப் பார்த்தார். கண் சிவந்துவிட்டது.

"எவன் மடியிலவே உக்காத்தி வச்சுக் குத்துனீக?"

மாரிமுத்து சொட்டச் சொட்ட முன்னால் வந்து நின்றான். மாலையில் பூ போய் நார்தான் மிச்சம்.

"அண்ணாச்சி, தெரியாம நடந்துபோச்சு. கம்மல நீங்களே வச்சுக்கோங்க."

"கம்மல் யாருவே கேட்டா? எந்தங்கச்சி மகன் காது எம் மடியில குத்த வேண்டிய காது! குத்துன ஓட்டயத் திருப்பித் தருவியா?"

நியாயமான கேள்வி. அவர் வகையறா ஒரு பக்கம் கூட, எங்கள் வகையறா ஒரு பக்கம் கூட, வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. பிள்ளை கிடைத்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. இன்றைக்குக் கெடாவோடு சேர்ந்து நாமும் போய்ச் சேர்வோம் என்று கவினை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

செல்விதான் அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். "எண்ணே, சும்மா இரு. ஒரு காதுதான போச்சு. இன்னொரு காது அப்படியேதான இருக்கு, அத நீ மடியில வச்சுக் குத்து."

பிறகு என் பக்கம் வந்து முழங்கையைக் காட்டினாள். புதுசாக ஒரு கடித்தடம். மேல்வரிசையில் நடுவில் இரண்டு பல் தடம் இல்லை. "எக்கா, நானும் எம் மகன்னு நெனச்சு ஒங்க புள்ளயத்தான் இழுத்தேன். கடிச்சுட்டு ஓடிட்டான். பெத்தவளயே கடிக்கானேன்னு இம்புட்டு நேரம் அழுதுக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அண்ணாச்சி லேசில் விடுகிற ஆளில்லை. கணக்கு நேராக வேண்டும் என்றார். "எங்க புள்ளக்கி ஒரு காது ஒங்க மாமன் மடியில. அப்ப ஒங்க புள்ளக்கி ஒரு காது எம் மடியில. சம்மதமா?" ஆசாரி அவசர அவசரமாகத் தலையாட்டினார். தர்ஷனின் இடது காது அண்ணாச்சி மடியில் முடிந்தது. கவினின் வலது காதை மாரிமுத்து மடியிலும், இடது காதை அண்ணாச்சி மடியிலும் வைத்துக் குத்தினார்கள். அண்ணாச்சி தொடை ஒரு திண்டு உயரம் இருக்கும். ஆசாரிக்கு அளவு பிடிபடாமல் இடது காது ஓட்டை வலதைவிட மேலே போய்விட்டது.

அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளுக்கும் தாய்மாமன் இரண்டு. தீபாவளிக்கு இரண்டு வீட்டுச் சீரும் இரண்டு வீட்டுக்கும் போகிறது, வருகிறது. எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு மாரிமுத்து வடக்கே லோடில் மாட்டிக்கொண்டபோது, அண்ணாச்சிதான் முறை மாமனாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். தர்ஷன் என்னைப் 'பெரியம்மா' என்பதில்லை. 'தப்பாக் கூட்டிட்டுப் போன அம்மா' என்று முழுசாகத்தான் கூப்பிடுவான்.

என் மகனோ அதற்கும் மேலே. ஒவ்வொரு தடவை முடி வெட்டிவிட்டு வரும்போதும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, தெருவே கேட்கிற மாதிரி அறிவிப்பான்: "எம்மா, நான்தான் கவின். ஒம் மகன். உள்ள வரலாமா?" அண்டை வீட்டு ஜன்னல்களில் சிரிப்புச் சத்தம் கேட்கும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடிப்பதற்கு முன்னால் இடது காதை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.