பதினாலாம் நம்பர் மாத்திரை

கம்ப்யூட்டரில் தப்பே வராது என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன். ஒரு காலத்தில் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையத்தில் எனக்கு மருந்து கொடுக்கும் வேலை. டாக்டர் சீட்டு எழுதுவதை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் அடிக்க, அது என் திரையில் வந்து விழும் ஏற்பாடு தொடங்கிய முதல் வாரம். "சீட்டு வேண்டாம், பேரு வேண்டாம், டோக்கன் நம்பரைச் சொன்னாப் போதும்" என்று ஜன்னலில் நின்று அதிகாரம் செய்தேன். (இருபத்து நாலு வயசு, புது வெள்ளைக் கோட்டு. கேட்கவா வேண்டும்!)

எங்கள் மருந்து வரிசையில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டரைப் பார்த்து முடிந்ததும், சந்தைக்கு ஓட வேண்டியவளுக்கு அவசரமில்லாதவள் தன் டோக்கனைக் கொடுத்து முன்னால் விடுவாள். சீட்டு அவரவர் கையில் இருந்தவரை ஒரு குழப்பமும் வந்ததில்லை. இப்போது டோக்கன்தான் சீட்டு. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நான் வாயைத் திறந்து சொல்லவில்லை.

பதினாலைக் கூப்பிட்டேன். மீன்காரி பிலோமினாக்கா வந்து வாங்கினார். "காலையில இருந்து பட்டினி, மக்களே. சந்தையில போய் சாயாவோட போட்டுக்கிடுகேன்" என்று ஓடினார். (எங்கள் ஊரில் "மக்களே" என்றால் "மகளே".)

முப்பத்தொன்றுக்கு வந்தது ரிட்டயர்டு தங்கம் டீச்சர். திரையில் முட்டுவலி மாத்திரை.

"பிள்ளே, எனக்கு சுகருக்குல்லா பாத்தாரு? முட்டுவலி பிலோமினாவுக்கு. பாவம், அவசரமுன்னா, நான் நம்பரை மாத்திக் குடுத்தேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. சர்க்கரையே இல்லாத பொம்பளை, வெறும் வயிறு, சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரை. மயங்கி விழுவார். அதற்குமேல் நினைக்கவே பயமாக இருந்தது.

டாக்டரிடம் விஷயத்தைக் கத்திவிட்டு ஆட்டோவில் ஏறினேன். "அண்ணே, வேகம் விடுங்க!" முன்னால் ஒரு லாரி, வழி விடாமல் அசைந்து அசைந்து போனது. அன்று கர்த்தரிடம் நேர்ந்துகொண்டதையெல்லாம் இன்னும் செய்து தீரவில்லை.

சந்தையில் பிலோமினாக்கா கையில் சாயா. நாக்கில் மாத்திரை.

"அக்கா, துப்புங்க!" என்று அலறி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். சாயா என் கோட்டில், மாத்திரை சாளை மீன் கூடையில். ஆனால் விழுங்கவில்லை என்று கண்ணால் பார்த்தால்தானே நிம்மதி! முட்டுக்குத்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மீனைக் கிளறினேன்.

"ஹெல்த்துல இருந்து வந்து மீனைச் சோதிக்காவ! வாங்காதிய!" என்றது ஒரு குரல். நின்ற கூட்டம் அப்படியே கலைந்துவிட்டது.

மாத்திரை ஒரு சாளையின் செவுளில் ஒட்டிக்கொண்டிருந்தது. முழுசாக. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

விவரத்தைக் கேட்ட பிலோமினாக்கா என் தலையைத் தடவினார். "உயிரைக் காப்பாத்திட்ட, மக்களே. யாவாரத்தைக் கொன்னுட்டியே."

கூடையோடு நானே வாங்கினேன். வீட்டில் நாலு நாள் சாளைதான். (பொரித்தது, அவித்தது, புளிமுளம் என்று குழம்பு வைத்தது. அப்பா மூன்றாம் நாளே அத்தை வீட்டுக்குப் போய்விட்டார்.)

பிலோமினாக்கா இன்றைக்கும் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறார். நான் சட்டியோடு வாசலுக்குப் போகும்போதே உள்ளேயிருந்து வீட்டுக்காரர், "டோக்கனை எடுத்தியா?" என்பார். அக்கா கூடையை மூடிக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி கேட்பார்: "பேரு என்ன? நோக்காடு என்ன?"

அன்று ஜன்னலில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முழுப்பெயரையும் சொல்வேன். சொன்ன பிறகுதான் சட்டியில் மீன் விழும்.