நரி ஒழிப்புக் கமிட்டி தேர்ந்தெடுத்த தோட்டா

என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். அறிவாளிகள் கதை ஒன்று சொல்லப் போகிறேன். தூரத்தில் இருந்தால் அறிவு உங்களிடம் வந்து சேர்வதற்குள் ஆறிப்போய்விடும்.

உலகத்தில் எத்தனையோ பேர் நரியைச் சுட்டிருக்கிறார்கள். கண்டார்கள், சுட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எந்தத் துப்பாக்கியால், எந்தத் தோட்டாவால் சுடுவது என்று ஏழு கூட்டம் போட்டு ஆராய்ந்த பெருமை, மனிதகுல வரலாற்றிலேயே, வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருந்த தோல் பதனிடும் ஒரு ஷாப்புக்குத்தான் உண்டு. வெள்ளைக்காரக் கலெக்டர் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

ஷாப்பின் வேலியோரம் பூவம்மாளின் குடிசை. நிலம் ஷாப்புடையது, ஆடுகள் அவளுடையவை. மொத்தம் பத்து உருப்படி. புருஷன் செத்த பிறகு அந்தப் பத்தும்தான் அவளுக்குச் சோறு, துணி, சொந்தபந்தம் எல்லாம். அதிலும் செம்பி என்கிற சினையாடு, அவள் எது சொன்னாலும் தலையாட்டும். எதிர்த்துப் பேசாத ஒரே சொந்தம்.

ஒரே மாதத்தில் நரி இரண்டு குட்டிகளைத் தூக்கிவிட்டது. பூவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேனேஜர் கிருபானந்தத்திடம் போனாள்.

"ஐயா, தோல்லேர்ந்து சுரண்டி எடுக்கிற சவ்வு, கொழுப்பு எல்லாத்தையும் வேலிக்குப் பின்னால மலையாட்டம் கொட்டிட்றாங்க. அதைத் தின்னத்தான் நரி வருது. வந்தது, தொட்டுக்க என் குட்டியைத் தூக்கிக்கிது. ஒரு குழி வெட்டிப் பொதைச்சிட்டா வராது ஐயா."

கிருபானந்தம் உருகிப்போனார். ஓர் ஏழையின் கண்ணீருக்கு வெறும் குழியா வெட்டுவது? அது மரியாதையா? அன்றைக்கே 'துஷ்ட மிருக ஒழிப்புக் கமிட்டி' பிறந்தது. அவர் தலைவர். தோலைத் தடவியே தரம் பிரித்துவிடும் வேலாயுதம் காரியதரிசி. பெரிய யுத்தத்தில் மெசபடோமியா வரை போய்வந்த ஜெயகரன் ஆயுத நிபுணர். பூவம்மாள் சொன்ன குழி, 'தலைப்புக்குப் புறம்பானது' என்று முறைப்படி எழுதிவைக்கப்பட்டது.

முதல் கூட்டத்தில் ஜெயகரன் சொன்னான்: "நரிதானே சார்? பன்னெண்டு போர்னு சொல்ற வேட்டைத் துப்பாக்கி, பெரிய ஈய ரவை போட்ட தோட்டா. முப்பது கஜத்துல வெச்சி ஒரு போடு. முடிஞ்சிது."

"தோல் இன்னா ஆவும்?" என்றார் வேலாயுதம்.

"எந்தத் தோலு?"

"நரித் தோலுய்யா! முப்பது வருஷமா தோல்ல சோறு திங்கிறேன். ஓட்டை விழுந்த தோலை நான் கையால தொடுவனா?"

மற்ற ஊர்களில், துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும், எவ்வளவு பலமாக அடிக்கும் என்று கேட்பார்கள். இவர்கள் தோல் ஊர்க்காரர்கள் அல்லவா? எவ்வளவு சின்ன ஓட்டை போடும் என்று கேட்டார்கள். ஈர வைக்கோல் கட்டின்மேல் ஒரு தோலைச் சுற்றி, ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டு, ஓட்டையை அளந்து தரம் பிரிப்பதென்று தீர்மானம். உப்புத் தோல் விறைப்பாக இருக்கும், ஆராய்ச்சி தப்பிவிடும். பச்சைத் தோல்தான் வேண்டும். பச்சைத் தோல் ஆட்டின்மேல்தான் இருக்கும். ஆடு? யாருக்காக இந்த யுத்தமோ, அவள் வீட்டில் இருந்தது.

"ஐயா, நரிகிட்டேர்ந்து ஆட்டைக் காப்பாத்துங்கன்னுதானே வந்தேன்?"

"அதுக்குத்தாம்மா கேக்கறோம்," என்றார் கிருபானந்தம், பெற்ற தகப்பனைப் போல. "ஒண்ணு போனா இன்னா கொறஞ்சிடும்? மிச்சம் பொழைக்கும் பாரு. நீ குடியிருக்கிற எடம்கூட ஷாப்பு எடம்தான். நாங்க சொல்லிக் காட்டறமா?"

அவர் சொல்லிக் காட்டவே இல்லை. பூவம்மாள் கிடாவை அவிழ்த்துக் கொடுத்தாள்.

ரவை பட்ட தோல் சல்லடை ஆயிற்று. "ரிஜெக்ட்!" என்றார் வேலாயுதம். கறியை வீணாக்குவது பாவம். ஆகவே கமிட்டி மிகுந்த மனவருத்தத்தோடு அதைப் பிரியாணியாக உட்கொண்டது. குடலும் எலும்பும் வேலிக்குப் பின்னால் போயின.

இரண்டாம் கூட்டத்தில் ரைபிள் வந்தது. முனை மழுங்கின தோட்டா, போன இடத்தில் சின்ன ஓட்டை, வெளியே வந்த இடத்தில் தோசை அளவு. ரிஜெக்ட். ஓர் ஆடு. மூன்றாம் கூட்டத்தில் முனை மூடிய தோட்டா. ஓட்டை சின்னதுதான், ஆனால் இரண்டு. செகண்ட். இன்னோர் ஆடு. நான்காவதில் பட்டாளத்து முந்நூற்று மூன்று ரைபிளைப் பற்றிப் பேசினார்கள். அது சர்க்காருக்கு மட்டுமே, லைசென்ஸ் கிடைக்காது. கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க ஓர் ஆடு.

ஐந்தாவதில் 'இருபத்திரண்டு' ரைபிள். கடுகளவு ஓட்டை. வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், இது நரிக்குக் கொசு கடிச்சாப்பல," என்றான் ஜெயகரன். "அடிபட்டு ஓடும், சாவாது."

"சாவறது நம்ம தலைப்புல இல்ல தம்பி," என்றார் வேலாயுதம்.

ஆறாம் கூட்டம், ஐந்தாம் கூட்டம் நடந்ததை உறுதி செய்யக் கூடிற்று. அதற்கும் ஆடு உண்டு.

ஏழாவதில்தான் ஞானம் பிறந்தது. அதே பன்னிரண்டு போர் துப்பாக்கி, ஆனால் தோட்டாவில் வெடிமருந்து மட்டும். குண்டு இல்லை, ரவை இல்லை. வெடித்தது. வேலாயுதம் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தடவினார், முகர்ந்தார். "ஃபஸ்ட்! அசல் ஃபஸ்ட்! ஒரு ஓட்டை கெடையாது!" தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பூவம்மாளிடம் செம்பி மட்டும் மிஞ்சியது.

புதுத் தோட்டாவின் திறப்புவிழாவுக்குச் செம்பியைக் கேட்டு ஆள் போயிற்று. விழா அன்று சாயங்காலம் பூவம்மாள் வந்தாள். தலையில் மூட்டை, கையில் செம்பியின் கயிறு.

கிருபானந்தம் தம் கையாலேயே சுட்டார். டமால்! காக்கைகள் பறந்தன. நரிகள் ஓடவில்லை, வந்தன. ஒன்று, இரண்டு, மொத்தம் ஒன்பது. வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து நாக்கைத் தொங்கவிட்டன. வெடிக்கு வெடி குடல் கிடைத்த இடம். அவற்றுக்கு இது சாப்பாட்டு மணி.

"பாத்தியா பூவம்மா," என்றார் தலைவர் சற்றும் கலங்காமல், "ஒழிக்க வசதியா ஒரே எடத்துல சேத்துட்டோம்! சரி, ஆட்டை இப்பிடிக் குடு."

"குடுக்கறதுக்கு இல்ல ஐயா, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எடத்தை நீங்களே வெச்சிக்குங்க. அமிர்திக் காட்டோரம் எங்க அக்கா வூடு. அங்க போறேன்."

"அமிர்தியா! அங்க சிறுத்தை இருக்கும்மா!"

"இருக்கட்டும் ஐயா. அது பசிச்சாத்தான் வரும். ஆட்டைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கினு வராது."

செம்பி தலையாட்டிற்று. இருவரும் ஆற்று மணலில் இறங்கி நடந்தார்கள். நரிகள்கூடப் பின்னால் போகவில்லை. அவை கமிட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தன.

என் கண்ணுகளா, உங்கள் பட்டி பெருகட்டும், பானை பொங்கட்டும், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உங்கள் வாசலுக்கு நரி வந்தால், அது நரியாகவே வரட்டும்.