நாலு மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டு

உலகத்தில் எந்தப் பொருளும் ஒரே ஆளுக்கு முழுசாகச் சொந்தமாக இருப்பது பாவம் என்று நம்பிய ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, எங்கள் பார்ட்னர்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதையும் யாருடனாவது பங்கு போட்டுக்கொண்டிருப்பான்.

தொண்ணூறுகளின் நடுவில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்த நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். நான் கணக்குப் பிரிவு. பார்ட்னர் பேக்கிங், குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம். காலையில் வரும் பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக் கொடுப்பான். என் தாளில் ஓடத் தொடங்கிய திருடன் பிடிபட்டானா என்பது, ஜான்சன் குளித்துவிட்டு வந்து அவன் தாளைத் தந்தால்தான் தெரியும்.

"ஒரு பேப்பர் காசுல நாலு பேர் படிக்கிறோம். லாபம்தானே தோஸ்த்?"

லாபம்தான். ஆனால் நான் எதையுமே அரைகுறையாகத் தெரிந்துகொள்கிற ஆளாகிவிட்டேன். அதற்குப் பேப்பர் காரணமில்லை என்கிறாள் என் மனைவி.

எனக்கும் ஜான்சனுக்கும் கல்யாணம் நிச்சயமானது. சர்ச் கல்யாணம் என்றால் எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்குக் கோட்டு கட்டாயம். பார்ட்னர் பதறிப்போனான்.

"ஒரே ஒரு நாள் போடப்போற கோட்டு. அப்புறம் ஆயுசு பூரா பீரோல தூங்கும். தூங்குற பொருளுக்கு ஆளாளுக்கு எதுக்குடா காசு? சேந்து ஒண்ணு தைப்போம். நானும் ஒரு பங்கு."

"உனுக்கு எதுக்கு? நீ பட்டு வேட்டில தாலி கட்டப்போறவன்," என்றான் ஜான்சன்.

"ரிசப்ஷன் இல்ல?"

"சோப்பு வரைக்கும் பங்கு போட்டாச்சு. கோட்டு வேணாம்பா. எவன் வேர்வையோ!"

"வேர்வை காஞ்சிடும். காசு திரும்பி வருமா?"

இதில் ஏதோ தப்பு இருப்பது தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. நாலாவது ஆள் லாரன்ஸுக்குப் பெண்ணே பார்க்கவில்லை; அவனும் சேர்ந்துகொண்டான்.

டெய்லர் பாய் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தார். ஜான்சன் உயரம், நான் அகலம், லாரன்ஸ் இரண்டும் இல்லை.

"இன்னா சார், யார் அளவுக்குத் தைக்கிறது?"

"எல்லாரையும் அளந்துக்க பாய். கூட்டி நாலால வகுத்துடு," என்றான் பார்ட்னர்.

"கூட்டி வகுத்தா ஆள் வருமா சார்?"

வந்தது. கோட்டு எனக்கு வயிற்றில் மூடவில்லை. ஜான்சனுக்கு முழங்கைக்குச் சற்றுக் கீழேயே கை முடிந்துவிட்டது. லாரன்ஸ் போட்டால் பாவாடை. பார்ட்னருக்கு மட்டும் வார்த்து எடுத்த மாதிரி இருந்தது.

"வருஷத்துல ஆளுக்கொரு நாள்தானே?" என்பது அவன் கணக்கு. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து நோன்பில் நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஈஸ்டர் முடிந்ததும் எல்லாரும் ஒன்றாக முண்டியடிப்போம் என்பதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் ஜான்சனுக்கும் ஒரே நாள் வாய்த்தது. அவனுக்குக் காலையில் வேலூரில். எனக்கு சாயங்காலம் ஆம்பூரில்.

"பேஜாரே இல்ல. அங்க கழட்டினதும் நான் எடுத்துனு வர்றேன்."

சாயங்காலம் வந்தது, கோட்டு வரவில்லை. சர்ச்சுக்குப் பக்கத்து அறையில் வெறும் சட்டையோடு நின்றேன். மாமனார் உள்ளே வந்தார். பள்ளிக்கூட வாத்தியார்.

"கோட்டு எங்க மாப்ள?"

"வேலூர்ல மாமா."

"அங்க இன்னா பண்ணுது?"

"கல்யாணம்."

"கடன் வாங்கின கோட்டா?"

"சேச்சே. அதுல நாலுல ஒரு பங்கு எனுக்கு சொந்தம் மாமா."

தன் பெண்ணுக்கு முழு மாப்பிள்ளை கிடைக்குமா என்று அவர் குழம்புவது முகத்தில் தெரிந்தது.

"ஊரே வந்து உக்காந்துனு இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் பாப்பேன். இல்லாட்டி பொண்ண கூட்டினு வூட்டுக்குப் போய்டுவேன்."

அப்போது வெளியே பேண்டு முழங்கியது. ஒரு லோடு ஆட்டோவின் பின்புறத்திலிருந்து கோட்டும் டையுமாகப் பார்ட்னர் இறங்கிக்கொண்டிருந்தான். பெண் வீட்டுத் தூரத்துச் சொந்தங்கள் என்னைப் பார்த்ததில்லை. "மாப்ள வந்துட்டாரு!" என்று பூச்செண்டைக் கையில் திணித்து, சர்ச் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஐயோ, நான் இல்லீங்க! கோட்டு மட்டும்தான் மாப்ளையோடது!"

பேண்டு சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த மாமனார், "பையன் லட்சணமாத்தான் இருக்கான்" என்றார். யோசிப்பதுபோல வேறு இருந்தது. நான் ஓடிப்போய் அவனை உள்ளே இழுத்து வந்தேன்.

கோட்டைக் கழற்றினான். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

"இந்த வெயில்லயாடா போட்டுனு வருவ? கைல எடுத்துனு வரக்கூடாது?"

"மடிச்சா கசங்கிடும் தோஸ்த்."

பூச்செண்டால் வயிற்றை மறைத்துக்கொண்டு கல்யாணத்தை முடித்தேன். தையல் கூலி, சலவை, மாமனாரிடம் போன மரியாதை எல்லாம் சேர்த்து அந்தக் கோட்டால் எனக்கு லாபமா நஷ்டமா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. இத்தனைக்கும் நான் கணக்குப் பிரிவு.

விருந்தில் பார்ட்னர் சாப்பிடாமல் கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இன்னாடா?"

"வேலூர்லருந்து நின்னுகினே வந்தேன்."

"பஸ்ஸுல அவ்ளோ கூட்டமா?"

"கூட்டம் ஏது? பாதி பஸ் காலி. உக்காந்தா முதுகுல சுருக்கம் வுழுந்துடும்டா."

எங்கள் கல்யாண ஆல்பத்தில், நாங்கள் பீடத்தைப் பார்த்து நிற்கிற போட்டோ ஒன்று உண்டு. என் முதுகுதான் தெரியும். ஒரு சுருக்கம் கிடையாது.