தொலைநோக்குக்கு ஒரு டீக்கடை

பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொலைநோக்கு தேவை என்று முடிவாயிற்று. பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்ததால், இனியும் தள்ளிப்போட முடியாது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளை எப்படிக் கழிக்கலாம் என்று மக்களையே கேட்டுவிடுவதென, பதிவாளர் தலைமையில் குழு அமைந்தது. கொளுத்தும் வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஆலோசகர் ஒருவர் தருவிக்கப்பட்டார்.

பெரிய மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். குழு வந்தது. மக்கள் வரவில்லை.

"மக்கள் எங்கே?" என்றார் ஆலோசகர்.

"பின்வாசல் டீக்கடையில இருப்பாங்க சார்," என்றார் பதிவாளரின் டிரைவர்.

குழு அங்கே வந்து சேர்ந்தது. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர். அதை நம்பித்தான் கடைக்கார அக்கா மகளை நர்சிங் படிக்க வைக்கிறாள். நூலகர், பிளம்பர், கணக்குப் பேராசிரியர், வேலை முடிந்து வீடு திரும்பும் ராக்காவல்காரர்களான நாங்கள், எல்லோரும் பல்கலைக்கழகத்தை வாயாரத் திட்டுவது அங்கேதான்.

ஆலோசகருக்குப் புல்லரித்துவிட்டது. "என்னவொரு உயிரோட்டமான கருத்துச் சூழல்! இங்க என்ன குறைன்னு தயங்காம சொல்லுங்க."

"உக்கார இடம் பத்தலை," என்றார் பேராசிரியர்.

"வெயில் மண்டையப் பொளக்குது. ஒரு ஏசி போட்டுக் குடுங்க சார்," என்றார் பிளம்பர், சும்மா விளையாட்டுக்கு. நாங்களும் சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். ஏகமனதான கோரிக்கை என்று பதிவாயிற்று.

கோரிக்கை ஏற்கப்பட்டது. டீக்கடை இருக்கும் இடத்திலேயே குளிரூட்டப்பட்ட 'மக்கள் கருத்துப் பரிமாற்ற மையம்' வரும் என்று அறிவித்தார்கள்.

அக்கா பதிவாளர் முன் போய் நின்றாள். "அப்ப என் கடை சார்?"

"ஒங்க கடையப் பாத்துத்தானம்மா இந்த யோசனையே வந்தது! தொலைநோக்கு அறிக்கை முன்னுரையில ஒங்களுக்கு நன்றி போட்டிருக்கோம்."

"நன்றிய வச்சு நான் எங்க சார் டீ ஆத்துறது? மக படிப்பு பாதியில நிக்குது."

"ஒங்க கருத்த மதிக்கிறோம். ஆனா கருத்துச் சொல்றதுக்குன்னு ஒரு இடம் வேணும்ல? மையத்தக் கட்டி முடிக்கட்டும், மொத ஆளா வந்து சொல்லுங்க."

குறை சொல்ல முடியாத பதில். அவள் பேச்சைக் கேட்க மையம் வேண்டும். மையம் வர கடை போக வேண்டும்.

"நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று எங்களிடம் கேட்டாள்.

"கவலைப்படாதக்கா. தொறப்பு விழாவுல கிழிச்சுத் தொங்க விட்டுடுறோம்," என்றோம்.

திறப்பு விழா வந்தது. மெத்தை வைத்த நாற்காலிகள். ஜில்லென்ற காற்று. துணைவேந்தர் ஒன்றரை மணி நேரம் மக்களின் குரலைப் பற்றிப் பேசிவிட்டு, "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்றார்.

அக்கா கதவைத் திறந்து பிடித்தபடி வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்தாள். நாங்கள் பேராசிரியரைப் பார்த்தோம். எங்களில் படித்தவர், பேசத் தெரிந்தவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தும்மா," என்றார். "ஏசி பூரா வெளிய போகுது."

அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு வெளியே நின்றபடியே சாத்தினாள்.