பாதிவரை உயரும் கை

முதலில் கையைப் பாருங்கள். ஏதோ சொல்வதற்காக அது மடியிலிருந்து கிளம்பும், மார்புவரை வரும், தோளைத் தொடும். அதற்குள் யாராவது திரும்பிப் பார்த்துவிட்டால் போச்சு, வந்த வேலையே அதுதான் என்பதுபோலக் காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிடும். இந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு 'அப்பவே நெனச்சவர்' என்று பெயர். எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். காரியம் கெடுவதற்கு முன்னால் ஊமை. கெட்ட பின்னால் தீர்க்கதரிசி.

நம்மாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பள்ளியின் ரோபோ அணி மூவரில் ஒருவன். மற்ற இருவர், அணியை நடத்தும் கேப்டன் பெண்ணும், புரோகிராம் எழுதுவதால் 'மூளை' என்று பேர் வாங்கிய பையனும். அறுவடைவரை காலியாகக் கிடக்கும் தானியக் கிடங்கில் பயிற்சி. மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை, வாசலோரம் ஒரு தகர டப்பா, நடுவில் இரவல் மோட்டார்களை வைத்துக் கட்டிய வண்டி. சுமையோடு அது நேராக ஓடி எல்லைக்கோட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான் போட்டி. தோற்றால் மோட்டாரெல்லாம் நகரத்துப் பள்ளிக்குத் திரும்பிப் போய்விடும். அணியும் கலைந்துவிடும்.

வண்டியோ எப்போது விட்டாலும் வலப்பக்கம், வாசலைப் பார்த்தே இழுத்தது.

"வலது மோட்டார் சோம்பேறி. வேகத்தைக் கூட்டு" என்றாள் கேப்டன். மூளை கூட்டினான்.

நம்மாள் வந்த அன்றே கண்டுபிடித்துவிட்டான்: கை தவறி விழும் நட்டெல்லாம் வாசலை நோக்கித்தான் உருளுகிறது. கழுவிய தண்ணீர் வடியட்டும் என்று சாய்த்துப் போட்ட தரை. கோளாறு வண்டியில் இல்லை, தரையில்! தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்ற பூரிப்பில் என்ன செய்தான்? சொன்னானா? மனசுக்குள் புதுக்கவிதை எழுதினான். 'எல்லாத் தரையும் எங்கோ சாய்கிறது' என்று முதல் வரி. இரண்டாவது வரி வருவதற்குள், வலது மோட்டாரின் வேகம் கூடிக் கூடி, வண்டி நூல் பிடித்தாற்போல ஓட ஆரம்பித்திருந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள் கேப்டன்.

"இல்ல, காது."

"காதுக்கு என்ன?"

"அரிக்குது."

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? தப்பாயிருந்தால் சிரிப்பார்கள். சரியாயிருந்தால் எல்லோரும் இவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று அவனுக்கு இன்றுவரை தீர்மானமாகவில்லை.

போட்டி நாள். கண்ணாடிபோல மட்டமான கூடம். நம்மாள் சட்டைப்பையிலிருந்து ஒரு நட்டை எடுத்துக் கீழே போட்டுப் பார்த்தான். விழுந்த இடத்திலேயே கிடந்தது. கை கிளம்பியது, தோளைத் தாண்டியது, காதையும் தாண்டியது. கேப்டன் திரும்பினாள்.

"என்னடா?"

"ஆல் தி பெஸ்ட்."

வண்டி கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், இடப்பக்கம் மரியாதையாகத் திரும்பி, நடுவரைத் தேடிப் போய் அவர் ஷூவின்மேல் சுமையை இறக்கிவிட்டு நின்றது. பரிசு கொடுக்க வேண்டியவருக்கே பரிசு.

வேனில் திரும்பினார்கள். பாதி வழியில் நம்மாள் தொண்டையைக் கனைத்தான்.

"கிடங்குத் தரை சாய்வு. நான் அப்பவே நெனச்சேன்."

யாரும் திட்டவில்லை. கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூளை, சரியாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான். மன்னித்துவிட்டார்கள் என்று நம்மாள் நினைத்துக்கொண்டான்.

மோட்டார்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கிடங்கைக் காலி செய்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. வாசலோரத்து டப்பாவைக் கேப்டன் கவிழ்த்தாள். உருண்டுபோன நட்டெல்லாம் உள்ளே இருந்தது. டப்பாவை அங்கே வைத்தவள் அவள்தான், ஆரம்பத்திலேயே.

"எல்லாம் இங்கதான உருண்டு வருது. ஆனா மோட்டார்னு சொல்லிட்டேன், மாத்திப் பேசக் கூச்சமா இருந்துச்சு."

மேசைக் காலுக்கு அட்டை வைத்தவன் மூளை.

"பேனா நிக்கவே மாட்டேன்னுச்சு. கேப்டனே மோட்டார்னு சொன்னப்புறம், நான் என்னத்தச் சொல்ல?"

மூன்று கைகள் ஒரே சமயத்தில் காதுக்குப் போயின.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? டப்பாவையும் அட்டையையும் உங்களிடம் முன்னாலேயே காட்டியாயிற்று. இதில் ஏதோ இருக்கிறது என்று நீங்களும் அப்பவே நினைத்திருப்பீர்கள். தயவுசெய்து அந்தக் கையை இறக்குங்கள்.