ஸ்வெட்டர் கைக்குள் ஒரு பாதிரி

பெட்டியைத் திறந்ததுமே ஹம்ப்ரி பாதிரியாருக்குத் தேநீர் புரையேறியது. கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் சீட்டு விளையாட்டு. சந்தேகப் பேர்வழிகளில் ஒருவர், கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு, பாதிரியார்.

மகள் ஹேரியட்டைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இதை ஏன்டி எடுத்தே?"

"அமெரிக்காலயும் இதைத்தான் விளையாடுவாங்களாம்ப்பா. ஆனா அவங்க பெட்டியில இந்த ஆள் பாதிரி இல்லையாம். சும்மா ஒரு மிஸ்டராம்."

எவ்வளவு பக்தியான தேசம்! பாதிரியைக் கொலைகாரனாக்க அவர்களுக்கு மனமே வராதாக்கும் என்று முடிவு கட்டினார் ஹம்ப்ரி. வருங்காலச் சம்பந்தி லொரெய்ன் அம்மாள் அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மழைக்குள் வந்து இறங்கியிருப்பதே, கல்யாணத்தை எங்கே வைப்பது என்று பேசத்தான். தன் தேவாலயத்தில், தன் கையால் மகளுக்கு மணமுடித்து வைக்க வேண்டும். அவருக்கு வேறு ஆசையே கிடையாது. நேற்றுக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்த அம்மாள் கடைசிவரை கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, பக்தி என்று உருகிப் போயிருந்தார்.

அந்தச் சீட்டை எடுத்து, பேனாவால் வெள்ளைப் பட்டையைக் கறுப்பாக்கினார். மை ஊறித் தாடியாயிற்று.

"இப்போ பாத்தா விசாரணையே வேணாம்ப்பா. நேரா தூக்குதான்."

சீட்டை ஸ்வெட்டர் கைக்குள் செருகிக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினார்.

ஒரு சீட்டை உறையில் ஒளித்துவிட்டு மீதியைப் பங்கிடுவார்கள்; உறைக்குள் இருக்கும் ஆள்தான் கொலைகாரன். யார் கையிலும் இல்லாத சீட்டு எது என்று துருவ வேண்டும். ஆட்டத்தின் இந்த அடிப்படை அவருக்கு அப்போது மறந்துபோனதுதான் விதி.

"டெக்ஸ்டர், பாதிரி உன்கிட்டயா?" என்றாள் லொரெய்ன்.

மாப்பிள்ளைப் பையன் கேக்கை மென்றபடியே தலையை ஆட்டினான். இல்லை.

"ஹேரியட்?"

"இல்ல ஆன்ட்டி."

"பாஸ்டர், நீங்க?"

"கையில... இல்லம்மா."

பொய்யில்லை. ஸ்வெட்டர் கையில்தான் இருந்தது.

"அப்போ கொன்னது பாதிரியேதான்!"

"அவசரப்படாதீங்க. சமையல்காரியா இருக்கலாமே..."

"அவ என்கிட்ட இருக்கா!"

உறையைப் பிரித்தாள். உள்ளே டாக்டர்.

"அப்போ பாதிரி எங்கே?"

பேச்சை மாற்ற, அவசரமாகத் தேநீர் ஊற்றக் கையை நீட்டினார் ஹம்ப்ரி. தாடி வைத்த பாதிரி வழுக்கிக்கொண்டு வந்து லொரெய்னின் கேக் மேல் மல்லாந்தார்.

"மன்னிச்சிடுங்க," என்றார். "உங்க ஊர்ல பாதிரிகளுக்கு அவ்வளவு மரியாதை. ஒரு பாதிரியைக் கொலைகாரன்னு சொன்னா உங்க மனசு தாங்காதேன்னுதான்..."

லொரெய்ன் கைப்பையை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். டெக்ஸ்டர் கேக்கை விழுங்கிவிட்டு, அன்று முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"அட, மரியாதையெல்லாம் இல்ல சார், பாதிரின்னு ஒருத்தர் இருந்தா எங்காளுங்க முதல் சுத்துலயே அவரைத்தான் கைகாட்டுவாங்க, ஆட்டம் சப்புன்னு போயிடும்... கல்யாணத்தையே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வெச்சுக்கலாமான்னு கேக்கத்தானே அம்மா வந்திருக்காங்க!"